வள்ளியம்மா பேரில் ஒரு கையெழுத்து

மெலாத்தி தோட்டம்,
அசாம் ஜாவா, கோலா சிலாங்கூர்.
3.3.2025

தம்பி திருச்செல்வத்துக்கு,

நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. நான் கேட்கப்போவதில்லை. கம்பெனி கார், ரவாங்கில் குளிர்சாதன அறை, கழுத்தில் தொங்கும் அட்டை என்று நீ நலமாகத்தான் இருப்பாய். இங்கே நாங்களும் உயிரோடுதான் இருக்கிறோம்.

உன் எண்ணைக் கைபேசியில் அடைத்துவிட்டேன். நீ அனுப்பும் குரல் செய்தியைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. இனிமேல் சொல்ல இருப்பதைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு. தாளில் எழுதிவிட்டால் அப்புறம் நான் அப்படிச் சொல்லவில்லை என்று மழுப்ப முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை நம் லயத்து மண்டபச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். தோட்டத்து ரோட்டை அரசாங்கமும் உன் கம்பெனியும் கூட்டாகச் சேர்ந்து அகலமாக்கித் தார் போடப் போகிறார்களாம். முப்பத்து நான்கு வருஷம் ரோடு கம்பெனி கையில் இருக்குமாம். மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் டோல் கதவு. லோரிக்கும் காருக்கும் வழி உண்டு, மோட்டார் சைக்கிளுக்குக் கிடையாது. இத்தனை காலம் நாங்கள் சும்மா போய்வந்த வழி உரிமையை லயத்தின் நாற்பத்தொரு வீடும் மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டதாம். ஒரு வீடு குறைந்தாலும் செல்லாது, ஆனால் நாற்பத்தொரு கையெழுத்தும் இருக்கிறது என்று கடைசி வரியில் போட்டிருக்கிறது.

எந்தக் கையெழுத்து? பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, நீ மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டினாயே, அன்றைக்குப் போட்டதா? 'பல நாடுகளில் அரசு-தனியார் கூட்டு வளர்ந்த வரலாறு' என்று ஒன்றரை மணி நேரம் பேசினாய். பிரான்சுக் கால்வாய் வந்தது, இங்கிலாந்து ரோடு வந்தது, எகிப்து வந்தது. நம் ரோடு மட்டும் வரவில்லை. முடிவில் ஒரு தாளை எடுத்து, அப்பா பெரட்டில் கூப்பிடுகிற மாதிரியே வீட்டுக்காரர் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாய். விடிகாலை பெரட்டுக் களத்தில் நடராஜா கிராணி கணக்குப் புத்தகத்தோடு நின்று, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிட்டதும் "ஐயா" என்று குரல் கொடுத்துப் பழகிய சனம் இது. கிராணி மகன் கூப்பிடுகிறார் என்று வரிசையாக எழுந்து வந்து போட்டார்கள். கூட்டத்துக்கு வந்ததற்கான கையெழுத்து என்று நீதான் சொன்னாய். நானும் போட்டேன்.

உன் அத்தானை வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குக் கோலா சிலாங்கூருக்கு மோட்டாரில் பின்னால் உட்காரவைத்து நான்தான் ஓட்டிப் போகிறேன். இந்த ரோட்டை அடைத்தால் வாய்க்கால் கரையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். மழை பெய்தால் அதுவும் இல்லை. அதையும் விட்டுக்கொடுத்தா கையெழுத்துப் போட்டேன்? பதில் எழுது.

இப்படிக்கு,
லோகேஸ்வரி


ரவாங்
10.3.2025

அக்காவுக்கு வணக்கம்.

நலம் கேட்பது வழக்கம் என்பதால் நான் கேட்கிறேன். அத்தானுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

கழுத்து அட்டையைக் கிண்டல் செய்திருந்தீர்கள். அதில் 'சமூகத் தொடர்பு அதிகாரி' என்று இருக்கிறது. மெலாத்தி தோட்டத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேர் கழுத்தில் இப்படி ஒன்று தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கைவிரல் போதும்.

அன்றைக்கு நான் சொன்னது உங்கள் யாருக்கும் ஏறவில்லை என்று எனக்கும் தெரியும். பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தானே. அதனால் அந்தப் பேச்சைச் சின்னப் புத்தகமாகவே தமிழில் எழுதியிருக்கிறேன், இதோடு வைத்திருக்கிறேன். ஆயிரத்து அறுநூறுகளில் பிரான்சு ராஜாவின் அனுமதியோடு ஒரு தனி மனிதர் இரண்டு கடலையும் சேர்க்கும் கால்வாயை வெட்டினார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து கடன் வாங்கி ரோடு போட்டு, குறுக்கே கேட்டு வைத்துச் சுங்கம் வாங்கினார்கள். சூயஸ் கால்வாயை எகிப்து ஒரு கம்பெனிக்குத் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்குக் கொடுத்தது. நம் நாட்டில் எண்பதுகளில் ஆரம்பித்தது. நீங்கள் பினாங்குக்கு ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்கிறீர்கள் என்றால் அந்த ஏற்பாட்டினால்தான். அரசாங்கத்திடம் இடம் இருக்கும், காசு இருக்காது. கம்பெனியிடம் காசு இருக்கும், இடம் இருக்காது. இரண்டும் சேர்ந்தால் ரோடு. இதில் சதி எங்கே இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன், கோபம் தணிந்த பிறகு யோசியுங்கள். இத்தனை நாட்டு வரலாற்றையும் படித்ததில் எனக்குத் தெரிந்தது, இந்தக் கூட்டு எங்கே உடைந்தாலும் ஒரே மாதிரிதான் உடைந்திருக்கிறது. கை கொடுத்த பிறகு ஒரு தரப்பு தேதியை மாற்றும். சொன்ன காலம்வரை இருதரப்பும் பொறுத்த இடத்தில் ரோடும் நின்றது, பாலமும் நின்றது. நீங்களும் கை கொடுத்திருக்கிறீர்கள். பொறுங்கள்.

கையெழுத்தைப் பற்றி: கூட்டத்துக்கு வந்து, முழுவதும் கேட்டு, மறுப்புச் சொல்லாமல் பேர் போட்டால் அது சம்மதம் என்றுதான் கம்பெனி வழக்கறிஞர் எடுத்துக்கொள்கிறார். இதில் நான் சொல்ல வேறொன்றும் இல்லை.

தங்கள் தம்பி,
திருச்செல்வம்


மெலாத்தி தோட்டம்
21.3.2025

தம்பி,

உன் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். பக்கத்து வீட்டு விஷாலினி, காலேஜில் படிக்கிற பெண், கைபேசியில் ஒவ்வொரு நாடாகத் தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். "ஆண்டி, மாமா எல்லாக் கதையிலயும் ஃபர்ஸ்ட் ஹாஃப் மட்டும் போட்டிருக்காரு லா," என்றாள். சரியாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்தே நீ அப்படித்தான், கணக்கில் விடை வந்துவிட்டால் மீதியை அழித்துவிடுவாய்.

கால்வாய் வெட்டிய பிரான்சுக்காரர் மகள்களுக்குச் சேர்த்த சீதனம் வரைக்கும் அதில் கொட்டி, தண்ணீர் விடுவதற்குச் சில மாதம் முன்னால் கடனோடு செத்துப்போனார். அதை ஏன் விட்டாய்? சூயஸில் மண் வெட்டியவர்கள் ஊர் ஊராகக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன குடியானவர்கள். தொண்ணூற்றொன்பது வருஷம் முடியுமுன்னே அந்த நாடு அதைப் பிடுங்கிக்கொண்டது, அதுவும் உன் புத்தகத்தில் இல்லை. மெக்சிகோவில் போட்ட டோல் ரோட்டில் சனம் ஏறவே இல்லை, பழைய ரோட்டிலேயே போனார்கள். கடைசியில் அரசாங்கம் சனத்தின் காசை எடுத்து அந்தக் கடனை அடைத்தது. இங்கிலாந்து இதற்குப் புதுப் பேர் வைத்து 1992-ல் தொடங்கி, 2018-ல் இனிமேல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

எனக்குப் பிடித்த கதை வேல்ஸ். சந்தைக்குப் போக, வயலுக்குச் சுண்ணாம்பு கொண்டுவர, எதற்கும் கேட்டில் காசு கொடுத்து மாளாத குடியானவர்கள் பெண் வேஷம் போட்டுக்கொண்டு வந்து கேட்டை எல்லாம் உடைத்துப் போட்டார்கள். ஆம்பிளைகள் பாவாடை கட்டிக்கொண்டு. இங்கே எங்களுக்கு அந்த வேஷம் தேவையில்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. மாவட்ட அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து அந்தக் கையெழுத்துத் தாளின் நகலை வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் நீ தமிழில் 'வருகை' என்று எழுதியிருந்தாய், என் கண்ணால் பார்த்தேன். நகலில் அந்தப் பக்கம் இல்லை. அதற்குப் பதில் மலாயில் தட்டச்சு செய்த சம்மதப் பத்திரம் இருக்கிறது. அடியில், 'இவர்கள் அனைவரும் என் முன்னிலையில் கையெழுத்திட்டனர்' என்று உன் பேரும் உன் கையெழுத்தும்.

பதினேழாம் வீடு வள்ளியம்மா அக்கா பேரில் இருக்கிறது. அந்த வரியிலும் கையெழுத்து இருக்கிறது. அவர் ஜனவரி 11-ந் தேதி போய்ச் சேர்ந்துவிட்டார். கருமாதி முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத நாளில் நீ அவர் பேரைக் கூப்பிட்டிருக்கிறாய். அவர் வீட்டுக்காரர் அர்ஜுனன் அண்ணனைக் கேட்டேன். "பேரு கூப்பிட்டாங்க, ஆளு இல்ல, நான் போய்ப் போட்டேன்," என்றார். பெரட்டில் ஆள் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுப்பார், அவ்வளவுதான் அவருக்கு நினைப்பு. சொல்லிவிட்டு அழுதார்.

செத்தவர் சம்மதம் தந்ததற்கு நீ சாட்சி. இந்தத் தாளையும் இறப்புச் சான்றிதழையும் மாவட்ட அதிகாரியிடம் கொடுத்தால் ரோடு எங்களுக்கு நிற்கும், நீ போலீசுக்குப் போவாய். அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை, இன்னும். ஏப்ரல் 12 வரைக்கும் உனக்குத் தவணை. நீயே அதிகாரிக்கு எழுது: அது வருகைத் தாள், சம்மதம் இல்லை என்று. நீ எழுதினால் நான் வாய் திறக்க மாட்டேன். 12-ந் தேதி வரை இந்தத் தாள் என் வீட்டு அலமாரியைவிட்டு வெளியே போகாது. இது என் வாக்கு.

லோகேஸ்வரி


ரவாங்
28.3.2025

அக்கா,

மிரட்டல் கடிதம் கிடைத்தது. அழகாக எழுதியிருக்கிறீர்கள், தேதி எல்லாம் போட்டு. எங்கள் வழக்கறிஞர்கூட இவ்வளவு தெளிவாக எழுதமாட்டார்.

உங்களுக்குத் தாளில் எழுதினால்தானே நம்பிக்கை. எழுதுகிறேன். கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் கம்பெனியில் அந்தத் தாளைக் கேட்டார்கள், கொடுத்தேன். முதல் பக்கம் மாறி என் மேசைக்குத் திரும்பி வந்தது. அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த நாற்காலி போனால் அடுத்த நாற்காலி எனக்குக் கிடையாது.

வள்ளியம்மா பேரை வாயில் எடுக்கும்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது. பழைய வீட்டுப் பட்டியல், அடிக்க மறந்துவிட்டேன். அதற்குள் அர்ஜுனன் எழுந்து வந்துவிட்டார். பேனாவைப் பிடித்து அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை. அப்பாவும் தடுத்திருக்க மாட்டார். பெரட்டில் ஆள் இல்லாத பேருக்கு யாரோ குரல் கொடுக்க, தெரிந்தும் புத்தகத்தில் குறி போட்டவர்தானே அவர்.

அதனால் அவருக்கு என்ன கிடைத்தது? 1986-ல் துரை கண்டுபிடித்து, கிராணி வேலையைப் பிடுங்கி, உரக் கிடங்கில் மூட்டை எண்ண வைத்தான். அவர் யாருக்காகக் குறி போட்டாரோ அந்தச் சனத்தில் ஒருவர், ஒரே ஒருவர், துரை முன்னால் போய் நின்று பேசினாரா? தலையைக் குனிந்துகொண்டு ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிள்ளானில் மாமா வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்தச் செய்தி வந்த நாளில் ஒன்று முடிவு செய்தேன். இந்தச் சனத்துக்காக என் கையெழுத்தை என்றைக்கும் பாழாக்க மாட்டேன் என்று. அவர்களுடைய ரோட்டுக்காக இன்றைக்கு நான் ஏன் போலீசுக்குப் போக வேண்டும்?

கொடுங்கள். போய்க் கொடுங்கள். பெருநாள் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். 12 வரை காத்திருக்கவும் வேண்டாம்.

திருச்செல்வம்


மெலாத்தி தோட்டம்
3.4.2025

திருச்செல்வம்,

ஒருவர் பேசினார்.

அப்பா அந்த மாதம் சோறே இறங்காமல் கிடந்தார். அவர் கிடங்குக்குப் போன மறுநாள், வள்ளியம்மா அக்கா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேரே துரை ஆபீசுக்குள் போனார். "குரல் குடுத்தது நானு, கிராணி ஐயா இல்ல," என்று சொல்லியிருக்கிறார். துரைக்குத் தமிழ் தெரியும், நன்றாகவே விளங்கியது. அப்பாவுக்கு வேலை திரும்பவில்லை. வள்ளியம்மா அக்காவை இரண்டு வாரம் வேலைக்கு வரக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். அப்போது அவர் வயிற்றில் மூத்தவன். அந்த இரண்டு வாரமும் அம்மா நம் வீட்டிலிருந்துதான் அவர்களுக்குச் சோறு கொடுத்தனுப்பினார், நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நீ கிள்ளானில் இருந்தாய். உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

அப்பா தெரிந்தே குறி போட்டது ஒரு ஆளுக்கு அன்றைய சம்பளம் போய்விடக்கூடாது என்று. நீ தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றது அதே சனத்தின் வழியை அடைக்க. இரண்டும் ஒன்று என்று இனிமேல் எனக்கு எழுதாதே. அப்பா பேரையும் எடுக்காதே.

தவணை 12-தான். நீ வேண்டாம் என்று சொன்னாலும் நான் சொன்ன தேதி சொன்னதுதான். நான் உன்னை மாதிரி இல்லை.

லோகேஸ்வரி


ரவாங்
8.4.2025

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மூன்று நாளாகத் தூங்கவும் இல்லை.

என் புத்தகத்தில் ஒரு நாடு விட்டுப்போயிருந்தது. அந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். மலாயில் ஒரு பிரதி, உறுதிமொழியோடு, இன்று மாலை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கம்பெனிக்கு ஒன்று. இது உங்களுக்கு:

'மலேசியா, கோலா சிலாங்கூர் மாவட்டம், மெலாத்தி தோட்டம், 2025. அரசுக்கும் ஒரு கம்பெனிக்கும் இடையிலான ரோட்டுக் கூட்டு. இதில் மூன்றாவது தரப்பாக நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்ததற்கு அடையாளமாக அவர்கள் போட்ட கையெழுத்தின் மேல் வேறொரு பக்கம் வைத்துத் தைக்கப்பட்டது. அதில் பதினேழாவது கையெழுத்துக்குரிய வள்ளியம்மா அப்போது உயிரோடு இல்லை. அவர் கணவர் தோட்டத்து வழக்கப்படி போட்டார். அவர் மேல் குற்றமில்லை. அது தெரிந்திருந்தும் சாட்சியாகக் கையெழுத்திட்டவன், நடராஜா கிராணியின் மகன் திருச்செல்வம்.'

கழற்றிய முன்பக்கமும் அன்றைக்கு அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தது, எடுத்து ஒளித்து வைத்திருந்தேன், 'வருகை' என்று எழுதிய பக்கம். ஏன் கிழிக்காமல் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதையும் அதிகாரிக்கு வைத்து அனுப்பிவிட்டேன். நானாக முன்வந்து சொன்னதால் என்னைச் சாட்சியாக வைத்துக்கொள்வார்கள், வழக்குப் போடமாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உங்கள் தேதிக்கு நான்கு நாள் முன்னால் எழுதிவிட்டேன்.

அர்ஜுனனிடம் நான் சொன்னதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்கிறேன்.

திருச்செல்வம்


மெலாத்தி தோட்டம்
12.4.2025

தம்பி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். விஷாலினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ தபால் போட்ட அதே எட்டாம் தேதி, காலையில், மெயின் ரோட்டு முனையில் லோரி வந்து டோல் கதவின் கம்பங்களை இறக்கியது. உன் அத்தானை ஏற்றிக்கொண்டு வந்த மோட்டாரை நிறுத்தி, இன்னும் இரண்டு வாரம்தான் இந்தப் பக்கம் என்றான் ஒருவன். வீடு வந்து சேரும்வரைக்கும் உன் அத்தான் என் தோளை விடவே இல்லை. நீ எழுதமாட்டாய் என்று அப்போது எனக்கு நிச்சயமாகிவிட்டது. 'போய்க் கொடுங்கள்' என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். மறுநாள், ஒன்பதாம் தேதி, அர்ஜுனன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கோலா சிலாங்கூர் போய், நகலையும் இறப்புச் சான்றிதழையும் கொடுத்துவிட்டேன். உன் பேரைச் சொல்லிப் புகாரும் எழுதிக் கொடுத்தேன். நன்றாக அழுத்தி எழுதினேன்.

உன் தாள் பத்தாம் தேதிதான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்று சனிக்கிழமை என்றாலும் அந்த அதிகாரியின் வீட்டைத் தேடிப்போய் விசாரித்தேன். ரோட்டு வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள், கம்பங்களைத் திருப்பி ஏற்றச் சொல்லியாகிவிட்டது. உன்னைப் பற்றிக் கேட்டேன். புகார் முதலில் வந்துவிட்டதால் உன்னுடையது தானாகச் சொன்னதாகக் கணக்கில் வராதாம், மாட்டிக்கொண்டவர் கொடுத்த விளக்கமாகத்தான் வருமாம். தேதி கொடுத்தது நான், மாற்றியதும் நான், அவன் சொன்ன தேதிக்குள் எழுதிவிட்டான் என்று சொன்னேன். எழுதித் தரவும் தயார் என்றேன். அது உங்கள் குடும்ப விஷயம்மா, கோப்பில் அதற்கு இடம் இல்லை என்றார்.

கை கொடுத்த பிறகு ஒரு தரப்பு தேதியை மாற்றும், அங்கேதான் எல்லாம் உடையும் என்று நீ எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துச் சிரித்தேன். உன் புத்தகத்தில் இருக்கிற எந்த நாடும் மூன்று நாள் பொறுக்காமல் மாற்றியிருக்காது.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நீ செய்ததை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது, நான் செய்ததை நினைத்தாலும் எரிகிறது. இரண்டில் எது அணைந்தாலும் உனக்கு எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம், புத்தாண்டுக்கு வீட்டுக்கும் வராதே. அர்ஜுனன் அண்ணனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு மண்டப வாசலில் உட்கார்ந்து, கிராணி மகனுக்கு ஒன்றும் ஆகாதே என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

28-ந் தேதி காலை ஒன்பது மணிக்கு விசாரணை. பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார்களாம். நாற்பத்தொரு வீடும் வருகிறது, பதினேழாம் வீட்டுக்கு அர்ஜுனன் அண்ணன். கடைசியாக உன் பேரைக் கூப்பிடுவார்கள். நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். உனக்காக நான் குரல் கொடுக்க மாட்டேன். நீயே வந்து சொல்.

லோகேஸ்வரி அக்கா